தோலில் விழுந்த ஊசித் துளை

ஏலகிரி அடிவாரத்துக் கிராமங்களிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தைக்கும் ஷூ ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகிறது. இவர்களுக்குக் கூலியைக் கூட்டினால் கம்பெனி நொடித்துப்போகுமா, தழைக்குமா?

இப்படிக் கேட்டாலே ஹென்றி ஃபோர்டின் பெயர் வந்துவிடும். 1914 ஜனவரியில் தன் கார் தொழிற்சாலையின் நாள்கூலியை 2.34 டாலரிலிருந்து 5 டாலராக்கினார். வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைத்தார். தொழிலாளியும் கார் வாங்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார் என்பார்கள். அவரை உறுத்திய கணக்கு வேறு. சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க, 1913-இல் மட்டும் ஏறத்தாழ 52,000 பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரே வேலையை நாளெல்லாம் செய்யப் பிடிக்காமல் வந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தார்கள். கூலி உயர்ந்ததும் அந்த ஓட்டம் அடங்கியது, லாபமும் பெருகியது. ஆனால் அந்த 5 டாலர் தொடக்கத்தில் பெண்களுக்கு இல்லை. ஆம்பூரைப் பற்றிப் பேசும்போது இதை மறக்கக் கூடாது.

ஃபோர்டின் கணக்கு இங்கே, ஆம்பூரில், அங்கிருந்ததைவிட அழுத்தமாகவே பொருந்துகிறது. துணியில் தையல் பிசகினால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி போட்ட துளை மூடாது. ஷூவின் மேல்பகுதியான அந்த அப்பரை ஒதுக்கத்தான் வேண்டும். தோல் ஷூவுக்கு ஆகும் பொருள் செலவில் தோலே பெரும்பங்கு. பத்து வருஷம் பழகிய கை ஒன்று, கட்டுப்படியாகாமல் செய்யாறு சிப்காட்டின் தைவான் ஷூ ஆலைக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்விட்டால், அடுத்து வருகிற புதுக் கை தொழில் கற்பது விலையுயர்ந்த தோலின் மேல்தான். இந்த இழப்பு சம்பளப் பட்டியலில் தெரியாது என்பதால் கூலியை மட்டுமே செலவாகப் பார்க்கிறோம்.

பொருந்தாத இடமும் உண்டு. ஆம்பூர்ப் பெண் தான் தைத்த ஷூவை வாங்கப்போவதில்லை. அவள் கூலி மளிகைக்கடைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் நகைச்சீட்டுக்கும் போகிறது. ஊர் பிழைக்கிறது, பணம் கம்பெனிக்குத் திரும்புவதில்லை. ஷூவின் விலையைச் சொல்வதோ வெளிநாட்டு வியாபாரி. நான் மட்டும் கூட்டினால் ஆர்டர் கான்பூருக்கோ வியட்நாமுக்கோ போய்விடும் என்று முதலாளி அஞ்சுகிறார். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது அந்த அச்சம் எவ்வளவு நியாயமானது என்று தெரிந்தது.

ஆகவே தனி முதலாளியின் நல்ல மனசை நம்பி இதை விட முடியாது. எல்லோருக்கும் ஒரே அடிமட்டம் வேண்டும். 1948-ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் அதற்குத்தான் வந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, தரைமட்டக் கூலியை மத்திய அரசு நிர்ணயிக்க வேண்டும், எந்த மாநிலமும் அதற்குக் கீழே போகக் கூடாது என்கிறது. கான்பூரோடு கூலியைக் குறைத்துப் போட்டியிட வேண்டிய கட்டாயம் அதனால் தளரும். வியட்நாமோடு உள்ள போட்டிக்கு அது மருந்தல்ல.

என்னை அதிகம் வருத்துவது கம்பெனிக்குள் வராத பெண்கள். ஏஜென்ட் கொண்டுவந்து கொடுக்கும் அப்பர்களை வீட்டு வாசலில் உட்கார்ந்து கையால் தைக்கிறார்கள். கூலி ஜோடிக்குச் சில ரூபாய். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லை; 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸும் இல்லை. ஒழுங்காகக் கூலி தரும் கம்பெனி, வாசலுக்கு வேலையை அனுப்புகிறவரிடம் விலையில் தோற்கிறது. ஒரு ஜோடியைக் கையால் தைக்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தொழிலாளர் துறை அந்த வாசலுக்கே வந்து கடிகாரம் வைத்து அளக்கட்டும். எட்டு மணி நேரம் தைத்தால் குறைந்தபட்சக் கூலி கைக்கு வரும்படி ஜோடிக்கு விலை வைக்கட்டும்.