நெல் வாயை மூடும் நேரம்

சிறுபோகத்தின் நடுவில் வாய்க்கால் தண்ணீர் நின்று பத்து நாளாகியிருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு வரம்பில் நின்று பார்த்தேன். நெல் இலைகளெல்லாம் ஊசிபோலச் சுருண்டிருந்தன. பயிர் செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"இப்ப பாக்காத புள்ள. நாளைக்கு சுபஹுக்குப் பிறகு வந்து பாரு" என்றார் வாப்பா.

மறுநாள் விடியலில் இலைகள் விரிந்திருந்தன. நான் சந்தோஷப்பட்டேன், அவர் படவில்லை. பயிர் குடலைப் பருவத்தில் இருந்தது. "பயிர் சாகாது. கதிர்தான் என்னாகுமோ" என்றார். பயிர் பிழைப்பதும் கதிர் விளைவதும் எப்படி இரண்டு வேறு விடயங்களாகும்? அதற்கான விடை எங்கள் உயர்தர உயிரியல் பாடத்திலேயே இருந்தது. ஒட்சின், ஜிபரலின், சைற்றோகைனின், எதிலீன், அப்சிசிக் அமிலம் என்று பரீட்சைக்காக மனனம் செய்த ஓமோன் பட்டியலின் கடைசிப் பெயர்தான் அது.

அந்தப் பெயரே ஒரு தவறான புரிதலில் பிறந்தது. 1960களில் பருத்திக் காய்கள் உதிர்வதை ஆராய்ந்தவர்கள் இப்பொருளைக் கண்டெடுத்ததால், 'உதிர்தல்' என்னும் பொருள்பட அப்சிசிக் என்று பெயரிடப்பட்டது. உதிர்தலில் பெரிய பங்கு எதிலீனுக்கே என்பது பின்னர் தெளிவாயிற்று. 1969 இல் வாடிய கோதுமை இலைகளைச் சோதித்தபோது, அவற்றில் அப்சிசிக் அமிலம் பல மடங்கு பெருகியிருந்தது. அதன் உண்மையான வேலை வறட்சியில்தான் என்பது அப்போது வெளிப்பட்டது.

பயிர் உறிஞ்சும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இலைவாய்கள் வழியே ஆவியாகிப் போய்விடுகிறது. ஒவ்வொரு இலைவாயையும் இரண்டு காவற்கலங்கள் காக்கின்றன. அவை நீரால் உப்பினால் வாய் திறக்கும், தளர்ந்தால் மூடும். மண் காயும்போது தாவரம் கரட்டுக்கு நிறம் கொடுக்கும் வகையைச் சேர்ந்த ஒரு பொருளை வெட்டி அப்சிசிக் அமிலத்தைத் தயாரிக்கிறது. அது காவற்கலத்தில் உள்ள வாங்கிப் புரதத்தில் போய்ப் பொருந்துகிறது. (அந்தப் புரதம் எதுவென்று 2009 இல்தான் கண்டுபிடித்தார்கள்.) உடனே பொற்றாசியம் அயன்கள் கலத்தைவிட்டு வெளியேறுகின்றன, அவற்றின் பின்னால் தண்ணீரும் போகிறது, வாய் மூடிக்கொள்கிறது. இவ்வளவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நடுப்பகலில் நான் கண்ட சுருளல் இதுவல்ல. அது இலையின் மேற்பக்கத்தில் உள்ள பெரிய கலங்கள் நீரிழந்து சுருங்குவதால் வருவது, இரவில் நீர் ஏறியதும் விரிந்துவிடும். விடியலிலும் இலை விரியாவிட்டால்தான் நிலைமை மோசம்.

இலைக்கு இந்தச் செய்தியை யார் சொல்வது? காய்ந்த மண்ணில் இருக்கும் வேர் அப்சிசிக் அமிலத்தைத் தயாரித்துக் காழின் வழியே மேலே அனுப்புகிறது என்றே நீண்டகாலம் சொல்லப்பட்டது. 2018 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அராபிடொப்சிஸ் என்ற சிறு செடியில் வேறொன்றைக் கண்டார்கள். வேரிலிருந்து போவது ஒரு சிறிய பெப்தைட்டு, அது போய்ச் சேர்ந்ததும் இலையே அமிலத்தைத் தயாரித்துக்கொள்கிறது. கண்ணோ காதோ இல்லாத ஒரு புல்லுக்குள் அல்லாஹ் வைத்திருக்கும் தபால் சேவையை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஆனால் மூடிய வாய் தண்ணீரை மட்டும் தடுப்பதில்லை, காபனீரொட்சைட்டும் உள்ளே வராது. ஒளித்தொகுப்பு குறைகிறது, மணியை நிரப்பவேண்டிய மாப்பொருளும் குறைகிறது. குடலைப் பருவத்தில் இன்னும் பெரிய ஆபத்து உண்டு. மகரந்தம் உருவாகும் அந்த நாட்களில் வறட்சி பிடித்தால் மகரந்தம் மலடாகிறது. கதிரை வெளியே தள்ளும் காம்பு நீள்வதற்கு ஜிபரலின் வேண்டும். வறட்சியில் அதுவும் குறைவதால் கதிர் உறைக்குள்ளேயே பாதி சிக்கி நிற்கும். பயிர் தன் உயிரைக் காத்துக்கொள்கிறது, நட்டம் நமக்கு.

அப்படியானால் இந்த அமிலத்தை வாங்கித் தெளித்தால் என்ன என்று கேட்கலாம். வெயிலில் அது விரைவில் சிதைந்துவிடும், விலையும் அதிகம். மேலும், வாயை இன்னும் இறுக மூடச்செய்வதால் மணி கூடப்போவதில்லை. எனக்கு நம்பிக்கை தருவது வேர்தான். பிலிப்பைன்ஸின் மேட்டுநில நெல்லான கினன்டாங் பட்டோங்கில் இருக்கும் டி.ஆர்.ஓ. 1 என்ற பரம்பரையலகு, ஒட்சினால் எதிர்மறையாகக் கட்டுப்படுத்தப்பட்டு, வேரைக் கீழ்நோக்கி வளைக்கிறது. அதை ஆழமில்லாத வேருள்ள ஐ.ஆர். 64 நெல்லில் சேர்த்தபோது வேர் ஆழமாக இறங்கியது, வறட்சியிலும் கூடிய விளைச்சல் கிடைத்தது. இது 2013 இல் வெளியான ஆய்வு.

வயலில் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் முறையில், துளையிட்ட குழாயொன்றை மண்ணில் புதைத்து, நீர்மட்டம் 15 சென்ரிமீற்றர் கீழே இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சுவார்கள். ஆனால் பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னிருந்து ஒரு வாரம் பின்வரை வயலில் தண்ணீர் நிற்கவேண்டும். மற்ற நாட்களில் மிச்சம்பிடிக்கும் தண்ணீர் அந்த இரண்டு வாரத்துக்கு உதவும்.

எங்களுக்குத் தண்ணீர் வந்தது பதினாறாம் நாள். அறுவடையில் பள்ளத்து வரவையில் கதிர் தலை சாய்ந்து நின்றது. மேட்டு வரவையில் பச்சை குறையாத தாளில் கதிர் நிமிர்ந்தே நின்றது. வாப்பா ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் வைத்து ஊதினார். பாதிக்கு மேல் பறந்துபோயிற்று.