பத்தில் ஃபெயில், அப்புறம்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு, திருவண்ணாமலையைச் சுற்றிய கிராமங்களில் மேஸ்திரிகளின் நடமாட்டம் தொடங்கிவிடும். "பையன் சும்மாதானே இருக்கான், பெயின்ட் வேலைக்கு அனுப்புங்க" என்று முன்பணத்தையும் நீட்டுவார்கள். கடன் உள்ள வீட்டில் அதை மறுப்பது எளிதல்ல. ஆனாலும் மறுக்கத்தான் வேண்டும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி ஆந்திர போலீஸ் சுட்டதில் இறந்த 20 பேரில் பெரும்பாலானோர் நம் மாவட்டத்தையும் தருமபுரியையும் சேர்ந்தவர்கள். கட்டட வேலைக்குப் போவதாகச் சொல்லித்தான் கிளம்பினார்கள் என்று பல குடும்பங்கள் கதறின.

14 வயதுக்குள் வேலைக்கு வைப்பது குற்றம். 18 வயது வரை ஆபத்தான தொழில்களில் அமர்த்தக் கூடாது. முன்பணத்தைக் காட்டிப் பிள்ளையைப் பிடித்து வைத்தால் அது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை. வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுங்கள். சிறுவர் என்றால் 1098-க்குப் பேசுங்கள். ஃபெயிலான பெண்ணுக்கு 18 ஆகுமுன் மாப்பிள்ளை பார்த்தாலும் அதே எண்தான்.

தவறிய பாடத்தை மட்டும் ஒரு மாதம், ஒன்றரை மாதத்தில் துணைத்தேர்வாக எழுதலாம். படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். கெடு சில நாள்தான். தேறினால் அதே ஆண்டு பதினொன்றில் சேரலாம், வருடம் வீணாகாது.

கணக்கும் ஆங்கிலமும் மறுபடி மறுபடி கைவிடுகின்றனவா? எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும், ஐ.டி.ஐ.யில் வயர்மேன், வெல்டர் படிக்கலாம். திருவண்ணாமலையிலும் ஜமுனாமரத்தூரிலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மேலும் 1,000 ரூபாய் கிடைக்கும். வயர்மேன் போன்ற இரண்டு ஆண்டுப் படிப்பை முடித்து, மொழிப்பாடத் தேர்விலும் தேறினால் அது பத்தாம் வகுப்புக்குச் சமம். பரீட்சைத் தாளில் தடுமாறும் பிள்ளை வீட்டு மிக்ஸியைக் கழற்றிச் சரியாகப் பூட்டுவதை நாம் பார்த்ததில்லையா? அந்தக் கைத்திறனுக்கும் சான்றிதழ் உண்டு என்பது பல பெற்றோருக்குத் தெரியாததுதான் என் ஆதங்கம்.

"ஃபெயிலானாலும் நர்சிங்" என்று தட்டி வைக்கும் சென்டர்களில் பணம் கட்டுமுன் அரசு அங்கீகாரத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரிஜினல் சான்றிதழை எவரிடமும் விட்டுவைக்காதீர்கள். கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி டி.சி.யை மறுக்கவோ, அதில் பாக்கியைக் குறிக்கவோ கூடாது என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. பள்ளி தயங்கினால் முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். சந்தேகங்களுக்கு 14417, பிள்ளை மனமுடைந்து பேசாமல் இருந்தால் அன்றிரவே 104.