ஒரே வீடு, பல அடுப்பு

நாட்டுக்கோட்டை நகரத்தார் (செட்டியார்) குடும்பங்களில் மகனுக்குத் திருமணம் ஆனதும் அவனை ‘வேறு வைப்பார்கள்’. வளவு எனப்படும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று புதுத் தம்பதிக்கு ஒதுக்கப்படும். பின்கட்டில் அவர்களுக்கென்று தனி அடுப்பு. ஆண்டுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, புளி, எண்ணெய், கைச்செலவுக்கு இவ்வளவு பணம் என்று பெற்றோர் அளந்து கொடுத்துவிடுவார்கள். அதற்குள் குடித்தனம் நடக்க வேண்டும். மூன்று மகன்கள் இருந்தால் ஒரே கூரையின் கீழ் மூன்று அடுப்பு எரியும். பெற்றோரின் அடுப்பு நான்காவது. தென்னிந்தியச் சாதிகள் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளிலும் இந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது.

கோடிக்கணக்கில் கொடுக்கல் வாங்கல் நடத்திய வீட்டில், மருமகள் ஒரு படி அரிசியைக் கணக்குப் பார்த்துச் செலவிட்டாள். வறுமை அதற்குக் காரணமல்ல, கருமித்தனமும் அல்ல. குடும்பம் எவ்வளவு சம்பாதித்தாலும் அடுப்பங்கரைச் செலவு அதற்கேற்ப ஏறாமல் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இது. வருமானம் இரட்டித்த ஆண்டிலும் அளந்து கொடுத்தது அளந்து கொடுத்ததுதான். சிக்கனத்தை ஒருவரின் மன உறுதிக்கு விட்டுவிட்டால் அது நல்ல ஆண்டில் தளர்ந்துவிடும். வீட்டின் அமைப்பிலேயே வைத்துவிட்டால் தலைமுறைக்கும் நிற்கும். சொத்து சேர்ப்பதைப் பற்றி எழுதுகிறவர்கள் கடல் கடந்த வட்டிக்கடைகளைத்தான் பெரிதாகப் பேசுகிறார்கள். அந்தக் கடைகளுக்கு முதல் தந்தது இந்தப் பின்கட்டு.

கணக்குப் பழக்கம் சிறுவயதிலேயே தொடங்கியது. ஆண்பிள்ளைகள் எண்சுவடியின் பின்ன வாய்பாடுகளை மனப்பாடம் செய்தார்கள். மா என்றால் இருபதில் ஒன்று, காணி என்றால் எண்பதில் ஒன்று, முந்திரி என்றால் 320இல் ஒன்று. நாள்கணக்கில் வட்டியை மனத்திலேயே போடுவதற்கு இது போதும். பிறகு கடையில் பெட்டியடிப் பையனாக வேலை. அங்கே தேறினால் அடுத்தாள், அதற்கும் மேல் கடையை நடத்தும் மேலாள். முதலாளி மகனும் பெரும்பாலும் இதே படிகளில்தான், பல நேரங்களில் உறவினர் ஒருவரின் கடையில், தொழில் கற்றான்.

கடல் கடந்த ஊர்களில் வாழ்க்கை இதைவிடவும் எளியது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கிகளே இதற்குச் சான்று. நீண்ட கூடம் ஒன்றில் பல கடைகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தரையில் ஓர் இடம், ஒரு பாய், ஒரு தாழ்ந்த மேசைப்பெட்டி, பின்னால் ஓர் அலமாரி. பகலில் அதே பாயில் உட்கார்ந்து கடன் கொடுத்தார்கள். இரவில் அலமாரிக்கு முன்னால் படுத்து உறங்கினார்கள். சாப்பாடு பொதுச் சமையல். மேலாளின் தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. மனைவியும் பிள்ளைகளும் செட்டிநாட்டிலேயே இருந்தார்கள். தவணை முடியும்போது பேரேட்டைக் கட்டி, ஐந்தொகை எடுத்து, லாபத்தில் தன் பங்கைப் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பினார் அவர். மூன்று ஆண்டு தனியாக வாழ்ந்த அந்த மனிதருக்கும், ஊரில் அளந்த அரிசியில் குடும்பம் நடத்திய ஆச்சிக்கும் இது எளிய விலை அல்ல. செட்டிநாட்டுச் செல்வத்தின் கதையில் இந்தப் பிரிவுக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

மிச்சமான பணம் சும்மா கிடக்கவில்லை. சொந்த முதலாகக் கடையில் சேர்ந்தது, அல்லது உறவினர் கடையில் வட்டிக்குப் போடப்பட்டது. பெண்களின் சீதனப் பணமும் இப்படியே கடைகளில் வளர்ந்தது. ரங்கூனில் செட்டியார்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். தங்களுக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு அதுவே அளவு. லாபத்தில் ஒரு பங்கு மகமையாகக் கோயிலுக்கும் அறத்துக்கும் போனது. மீதி மறுபடியும் முதலோடு சேர்ந்தது.

வட்டியை எடுத்துச் சாப்பிடாமல் விடுவதன் விளைவை ஒரு கணக்கில் பார்க்கலாம். பெண் குழந்தை பிறந்ததும் அவள் பெயரில் 1,000 ரூபாய் போடுகிறார்கள், ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் 90 ரூபாயை எடுத்துச் செலவழித்துவிட்டால் 18ஆம் ஆண்டு முடிவில் கையில் இருப்பது அதே 1,000. இடையில் செலவானது 1,620. எடுக்காமல் விட்டால் 4,717 ரூபாய் சேர்ந்திருக்கும். முதல் எட்டு ஆண்டில் பணம் இரட்டிக்கிறது, அடுத்த எட்டில் நான்கு மடங்கை நெருங்குகிறது. கடைசி இரண்டு ஆண்டில் மட்டும் ஏறுவது ஏறக்குறைய 750. பாதியில் கை வைத்தவருக்கு இந்தக் கடைசி ஏற்றம் கிடைப்பதில்லை.

இந்த வழியில் பர்மாவில் சேர்ந்த முதலின் அளவு பிரமிக்க வைப்பது. 1929–30இல் இயங்கிய பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே செட்டியார்கள் போட்டிருந்த மூலதனத்தைச் சுமார் 75 கோடி ரூபாய் என்று கணித்தது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் அவர்களின் சொந்தப் பணம். 1852இல் கீழ் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு, ஐராவதி கழிமுகத்தின் காடுகளையும் சதுப்பையும் நெல்வயலாக்கிய பர்மிய விவசாயிக்குக் கடன் கொடுத்தது இந்தப் பணம்தான். அதன் வட்டியைச் சுமந்தவரும் அந்த விவசாயியே. ஒரு பக்கத்துப் பேரேட்டில் பெருகிய தொகை இன்னொருவரின் வயல்மேல் ஏறிய கடன் என்பதை மறைத்து இந்த வரலாற்றை எழுதக் கூடாது.

அன்றாடச் சிக்கனத்துக்கு இரண்டு பெரிய விதிவிலக்குகள் இருந்தன: வீடும் திருமணமும். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், முட்டை வெள்ளைக் கரு சேர்த்து மெருகேற்றிய சுவர்கள் என்று காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டை வட்டாரத்தில் எழுந்த வீடுகளில் பல தலைமுறைச் சேமிப்பு புதைந்தது. திருமணச் சீரில் வந்த நகையையும் வெள்ளியையும் அவசரத்துக்கு விற்கலாம். தூணையும் நிலைக்கதவையும் நல்ல விலைக்கு விற்க முடியாது. பிற்காலத்தில் பாகம் பிரிக்க முடியாமல் இடிக்கப்பட்ட வீடுகளின் மரச்சாமான்கள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன.

ஆனால் செட்டிநாட்டை உலுக்கியது வீட்டுச் செலவல்ல. முதலின் பெரும்பகுதியை ஒரே நாட்டில், ஒரே பயிரை நம்பி வைத்ததுதான். 1930இல் உலகப் பெருமந்தம் வந்து நெல்விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை. ஈடாக எழுதிக் கொடுத்த நிலம் கடைகளின் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்தது 6 சதவீத நிலம். 1937இல் அது 25 சதவீதம். வட்டிக்கு ஓடிய பணம் வேண்டாத மண்ணாகத் திரும்பி வந்தது. நிலமிழந்த பர்மியர்களின் கோபமும் வளர்ந்தது. 1941 டிசம்பரில் ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தபோது, பலர் பேரேடுகளைக்கூட எடுக்க முடியாமல் கிளம்பினார்கள். நடந்தே இந்திய எல்லை வந்தவர்களும் உண்டு. 1948இல் சுதந்திர பர்மா கொண்டுவந்த நில நாட்டுடைமைச் சட்டம் மிச்ச நம்பிக்கையையும் முடித்தது.

தப்பித்தவர்கள், அதற்கு முன்பே முதலைப் பிரித்து வைத்தவர்கள். பர்மாவில் வட்டித்தொழிலைத் தொடங்கிய முருகப்பா குடும்பம் 1930களிலேயே பணத்தைத் தாயகத்துக்கு நகர்த்தி ஆலைகளில் இறங்கியது. 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் பிறந்தது அந்தப் பாதையில்தான். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கினார். காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கிளைகள் திறக்கப்பட்டன.

(தொடரும்)