சங்கிலிப்பாறையில் ஒன்றரை மணி நேரம்!

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கணக்கை டேலி பண்ணுகிற ஆசாமிகளுக்கு மலை என்றால் ஊட்டி, கொடைக்கானல்தான். காரில் ஏறி, காரில் இறங்கி, நடுவில் ஒரு மிளகாய் பஜ்ஜி. சதுரகிரி அந்த ரகமில்லை சார். முழங்கால் எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஸ்கேன் எடுக்கவே வேண்டாம், இங்கே ஒரு நாள் ஏறி இறங்கினால் போதும்!

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு, அங்கிருந்து மலையடிவாரமான தாணிப்பாறை. பஸ் பாக்கியம் அத்தோடு சரி. அதற்கு மேல் சுந்தர மகாலிங்கம் கோயில் வரை நடராஜா சர்வீஸ்தான். அந்தப் பக்கம் வருஷநாட்டு மலையிலிருந்தும் ஆட்கள் நடந்தே வந்து சேருகிறார்கள். ஆடி அமாவாசைக்கு ஜன சமுத்திரம். குழந்தை குட்டியோடு போகிறவர்கள் வேறு நாள் பார்த்துக்கொள்வது உத்தமம். எந்த நாளானாலும் வனத்துறை வழி விடுகிறதா என்று முதலில் விசாரித்துவிடுங்கள்.

ஐப்பசியில் நாங்கள் நாலு பேர் போனோம். நான், மனைவி, பத்து வயசுப் பையன், ராஜபாளையத்து மாமனார். மில்லில் ரிட்டையரானவர், வேட்டியை மடித்துக் கட்டினால் எனக்கு முன்னால் போவார். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம் என்று வழியெல்லாம் பெயர்கள். உட்காருவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே, ஒவ்வொன்றிலும் நின்று கும்பிட்டேன்.

பையன் தேடியது சாமியை அல்ல, நரை அணிலை. அதற்காகவே 1988-ல் இங்கே சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகமாக்கிவிட்டார்கள். அணில் தரிசனம் கிடைத்தது. உச்சாணிக் கிளையில் வாலைத் தொங்கவிட்டு, எங்களை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. 'புலி வேண்டாம்ப்பா' என்றான் பையன். எனக்கும் அதே அபிப்பிராயம்.

சாமி கும்பிட்டு, தூக்குச்சட்டிப் புளியோதரையைக் காலி பண்ணிவிட்டு மதியம் இறங்கினோம். வெயில் சுள்ளென்றிருந்தது. சங்கிலிப்பாறை ஓடைக்கு வந்தபோது, கரையில் மாமனார் கையை நீட்டி மறித்தார்.

"மாப்ளே, தண்ணி நெறத்தப் பாருங்க."

காலையில் கூழாங்கல் தெரிந்த தண்ணீர், இப்போது டீ மாதிரி. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. நம் தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகமில்லை. ஆனால் உச்சியில் எங்கோ பெய்திருக்கிறது. செங்குத்துப் பாறையில் விழுகிற மழை நின்று நிதானித்தா வரும்? 2015 மே மாதம் அமாவாசைக் கூட்டத்தில் இப்படித் திடீரென வந்த வெள்ளம்தான் பக்தர்கள் சிலரை வாரிக்கொண்டு போனது. கெடுபிடிகள் இறுகியதும் அதற்கப்புறம்தான்.

பின்னால் வந்த இளைஞர், "முழங்கால் தண்ணிதானே சார், ஓடிடலாம். காலையில ஆபீஸ் இருக்கு" என்று பேண்ட்டைச் சுருட்டினார். வனக் காவலர் ஒருவர் விசிலடித்தபடி ஓடி வந்து தடுத்தார். ரெண்டு பேருக்கும் வாக்குவாதம். அது முடிவதற்குள் ஓடையே பதில் சொல்லிவிட்டது. காலையில் நாங்கள் உட்கார்ந்து முறுக்கு தின்ற பாறையைக் காணோம்! சத்தத்தில் பக்கத்திலிருப்பவர் பேசுவது கேட்கவில்லை. மனைவி பையனின் சட்டைக் காலரைப் பிடித்த பிடியை விடவேயில்லை.

"முதல்லயே எறங்கியிருந்தா என்ன தாத்தா ஆயிருக்கும்?"

மாமனார் பதில் சொல்லாமல் மடியிலிருந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்துக் கொடுத்தார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் வடிந்தது. கயிறு கட்டி ஒவ்வொருவராக இறக்கினார்கள். மனைவியின் ஒரு செருப்பு ஓடையோடு போனது. பேண்ட்டைச் சுருட்டிய இளைஞர் எல்லோரையும் முன்னால் அனுப்பிவிட்டு, மாமனாரின் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு, கடைசி ஆளாக வந்தார்.