வீட்டுக் கணனியும் வேலைக் கணனியும்

கிளேட்டனில் வாழும் நம்மிற் பலர், யூன் 30 இல் நிதியாண்டு முடிந்ததும், வரிக் கணக்கைப் பாதி வீட்டிலும் மீதி வேலைத்தலத்திலுமாகச் செய்கின்றோம். இரு கணனிகளுக்கிடையே கோப்புகள் மட்டுமன்றிக் கடவுச்சொற்களும் பயணஞ் செய்யக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

2022 இல் மெடிபாங்க் நிறுவனத்தில் நேர்ந்ததாகக் கூறப்படுவதும் இதுவே. ஒப்பந்தப் பணியாளர் ஒருவர், வேலைக் கணனியில் திறந்த தமது சொந்த உலாவிக் கணக்கில் நிறுவனக் கடவுச்சொல்லைச் சேமித்தார். பின்னர் வீட்டில் அதே கணக்கைத் திறந்தபோது அக்கடவுச்சொல்லும் அங்கு வந்து சேர்ந்தது. வீட்டுக் கணனியிலிருந்த தீநிரல் அதனைக் களவாடியது என அவுஸ்திரேலியத் தகவல் ஆணையாளர் 2024 இல் தொடுத்த வழக்கிற் கூறியுள்ளார். ஏறத்தாழ 97 இலட்சம் பேரின் விபரங்கள் கள்வர் கைப்பட்டன.

ஆகவே, வரிக் கோப்பு இலக்கம் அடங்கிய கோப்பினை வேலைக் கணனியில் வைத்தல் வேண்டா. அக்கணனி நிறுவனத்தின் உடைமை. வேலை மாறும் நாளில் கோப்பும் போய்விடும். வரி அலுவலகமோ ஆதாரங்களைப் பொதுவாக 5 ஆண்டுகள் பேணச் சொல்கின்றது. கொண்டுசெல்ல நேரின், நிறுவனம் அனுமதித்தால் மட்டும், கடவுச்சொல்லிட்டுப் பூட்டிய நினைவுக்கோலிற் கொண்டுசெல்லலாம்.

மாணவர்களே, இலவச விளையாட்டென்று நீங்கள் இறக்குவனவற்றுள்ளும் தீநிரல் ஒளிந்திருக்கும். அப்பா கணக்குப் பார்க்கும் கணனியில் உங்களுக்கெனத் தனிப் பயனர் கணக்கொன்றை அமைத்துத் தரும்படி கேளுங்கள்.