பளிச்சுனு பெயின்ட்... உள்ளே பலவீனம்! அரசுக் கட்டடங்களின் ‘உடல்நிலை’யைக் கணிப்பது எப்படி?

2023 ஆகஸ்ட் 31. கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கச் சில நாள்களே இருந்தன. அப்போது இங்கிலாந்தில் 100-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், குறிப்பிட்ட கட்டடங்களை உடனே மூடச் சொன்னது அரசு. காரணம், ‘ராக்’ எனப்படும் எடை குறைந்த கான்கிரீட். வெளியே பார்த்தால் சாதாரண கான்கிரீட்தான். உள்ளே இட்லி மாதிரி துளைகள். 1950-கள் முதல் 1990-கள் வரை கூரைகளில் பயன்படுத்தப்பட்ட இது, திடீரென இடிந்து விழக்கூடியது. 2018-ல் கென்ட் பகுதியில் ஒரு பள்ளியின் கூரை அப்படித்தான் விழுந்தது. வார இறுதி என்பதால் உயிர்ச்சேதம் இல்லை.

முன்கூட்டியே ஆய்வு செய்யலையா?

செய்தார்கள். 2017 முதல் 2019 வரை, கிட்டத்தட்ட எல்லா அரசுப் பள்ளிகளையும் வல்லுநர்கள் நேரில் பார்த்தனர். கூரை, சுவர், ஜன்னல், ஒயரிங் என ஒவ்வொன்றுக்கும் ‘ஏ’ முதல் ‘டி’ வரை கிரேடு. ‘ஏ’ என்றால் நல்ல நிலை. ‘டி’ என்றால் படுமோசம். பழுதுகளைச் சரிசெய்ய 1,140 கோடி பவுண்டு தேவை என்று கணக்கு வந்தது. ஆனால், அது கண்ணால் பார்க்கும் ஆய்வு மட்டுமே. கூரையைப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

ரிப்பேரா, புதுசா கட்டணுமா?

இதற்கு உலகம் முழுக்க ஓர் எளிய கணக்கு உண்டு. பாக்கி இருக்கும் ரிப்பேர் செலவை, அதே கட்டடத்தைப் புதிதாகக் கட்ட ஆகும் செலவால் வகுக்க வேண்டும். உதாரணமாக, 2 கோடி ரூபாய் கட்டடத்தில் 20 லட்சத்துக்கு வேலை பாக்கி என்றால், 10%. பொதுவாக 5%-க்குள் இருந்தால் நல்ல நிலை. 10%-ஐத் தாண்டினால் மோசம். இந்த எண் வருடா வருடம் ஏறினால், பராமரிப்பு நிதி போதவில்லை என்று அர்த்தம்.

ஆனால், சதவீதத்தை மட்டும் நம்ப முடியாது. 3% கட்டடத்திலும் ஒரு பீம் விரிசல் விட்டிருக்கலாம். அதனால்தான் ‘எது பழுதானால் உயிருக்கு ஆபத்து?’ என்பதை வைத்து வரிசைப்படுத்துகிறார்கள். சுவருக்குப் பெயின்ட் காத்திருக்கலாம். ஒழுகும் கூரை காத்திருக்காது.

தெரிஞ்சும் ஏன் தாமதம்?

பணம்தான். பள்ளிக் கட்டடங்களுக்கு ஆண்டுக்கு 530 கோடி பவுண்டு தேவை என்றது பிரிட்டன் கல்வித் துறை. நிதித் துறை ஒதுக்கியது சராசரியாக 310 கோடி. 2023 ஜூனில் அந்நாட்டுத் தணிக்கை அமைப்பே இதைச் சுட்டிக்காட்டியது. இரண்டே மாதங்களில் வகுப்பறைகள் பூட்டப்பட்டன.

நம்ம ஊரில்?

2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகே, பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கண்டறிந்து இடிக்கும் பணி தமிழகம் முழுக்க வேகமெடுத்தது. விபத்துக்குப் பிறகு நடப்பது ஆய்வல்ல, விசாரணை. ஆய்வு என்பது, சுவர் நிற்கும்போதே செய்ய வேண்டியது.