செவ்வாய்க்கிழமை சலூன்

டீ வரட்டும். அதற்குள் ஒரு பெஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

திருச்சியில் என் தங்கை மகன் வாரத்துக்கு மூன்று நாள் தெரபிக்குப் போகிறான். ஆறு வயது, ஆட்டிசம். ஒரு வகுப்பு 45 நிமிடம். ஊஞ்சல், பெரிய ரப்பர் பந்து, மணி கோர்ப்பது என்று உள்ளே அவனுக்கு நேரம் போய்விடும். வெளியே காம்பவுண்டுச் சுவரோரம் ஒரு நீள பெஞ்ச். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு வந்த அம்மாக்களும் பாட்டிகளும், எப்போதாவது ஒரு அப்பாவும், அதில்தான் உட்கார்ந்திருப்பார்கள். தங்கைக்கு லீவு கிடைக்காத நாளில் நான் போவேன். முதல் நாள் அவர்கள் பேசுவதைத் தூரத்திலிருந்து பார்த்து, பாவம், ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். யாருக்கும் அதுதான் தோன்றும். அந்த நினைப்பைத்தான் இன்று கொஞ்சம் பிரித்துப் பார்க்கப் போகிறோம்.

அதற்கு முன், ஆட்டிசம் என்றால் என்ன என்று ஒரு வாய் டீக்குள் பார்த்துவிடலாம். அரசுத் தாள்களில் 'மதி இறுக்கம்' என்று ஒரு சொல் உண்டு. பெஞ்சில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. எனக்கும் அது பிடிக்காது. மதி எங்கே இறுகியிருக்கிறது? ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்வோம். மேளம் வாசிக்கிறார்கள், பந்தியில் பாத்திரம் உருள்கிறது, மின்விசிறி கடகடக்கிறது, பக்கத்தில் மாமா ஏதோ கேட்கிறார். நமக்கு மாமா பேச்சு கேட்டுவிடுகிறது. நம் தலைக்குள் ஒரு மைக் செட்காரர் உட்கார்ந்து, மேளத்தைக் குறைத்து மாமாவைக் கூட்டி வைப்பதால்தான் அது நடக்கிறது. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு அந்த மைக் செட்காரர் வேறு கணக்கில் வேலை செய்கிறார். எல்லாக் குமிழையும் ஒரே அளவில் திருப்பி வைப்பார். சில சமயம் சட்டைக் காலரில் இருக்கும் லேபிளின் உறுத்தலை மேளத்துக்கு மேல் ஏற்றிவிடுவார். பேச்சும் பிறரோடு பழகுவதும் இவர்களுக்கு வேறு பாதையில் வருகின்றன. இது நோய் அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. மரபணுக்களுக்கு இதில் பெரிய பங்கு உண்டு.

இப்போது பெஞ்சுக்குத் திரும்புவோம்.

ஆறுதலுக்கு இந்த வீடுகளில் பஞ்சமே கிடையாது. "எங்க சித்தப்பா பையன் அஞ்சு வயசுலதான் வாயைத் தொறந்தான், இன்னிக்கு ஹைகோர்ட் வக்கீல்." "குலதெய்வத்துக்கு ஒரு தடவை போயிட்டு வாங்க." "எல்லாம் சரியாயிடும்." சொல்பவர்களின் அன்பில் சந்தேகமில்லை. ஆனால் 'சரியாகிவிடும்' என்னும்போது, எதிரில் நிற்கும் பிள்ளை இப்போது சரியில்லை என்று ஆகிவிடுகிறது. சொன்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டால், அம்மாவே அவரைத் தேற்றி அனுப்பவும் வேண்டும். என் தங்கை ஒருமுறை சொன்னாள்: "வீட்டுக்கு யாராவது வந்துட்டுப் போனா, எனக்கு ரெண்டு மணி நேரம் தூங்கணும்."

பெஞ்சில் எனக்குக் கிடைத்த முதல் கேள்வி, "பாத்ரூம் சொல்றானா?" என்பது. இரண்டாவது, "வெள்ளையா இருக்கறது மட்டும்தான் சாப்பிடுவானா?" ஆமாம், இட்லியும் தயிர்சாதமும்தான், அதெப்படித் தெரியும் இவருக்கு? அந்த அம்மாவின் பெயர்கூட அப்போது எனக்குத் தெரியாது. துக்கம் விசாரிக்கும் குரலாக அது இல்லை. இரண்டு மெக்கானிக்குகள் ஒரு பைக்கின் பக்கத்தில் நின்று பேசிக்கொள்ளும் குரல். பெஞ்சில் கைமாறுவது தொழில்நுட்பம் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஒரு உதாரணம் பார்ப்போம். எங்கள் வழக்கப்படி முதல் மொட்டையும் காதுகுத்தும் தாய்மாமன் மடியில்தான். அதனாலோ என்னவோ, மருமகனுக்கு முடி வெட்டும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. சலூன் என்றாலே ரணகளம். கழுத்தில் இறுக்கிக் கட்டும் துணி, புஸ்ஸென்று முகத்தில் அடிக்கும் தண்ணீர், காதோரம் மெஷினின் உறுமல், பின்னால் டிவி, சுற்றிலும் ஆட்கள். மைக் செட்காரர் எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துவிடுவார். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, ஒருவர் வெட்ட, மூன்று பேரும் அழுது முடிப்போம். இதைப் பெஞ்சில் சொன்னேன். ஓரத்தில் கொத்தவரங்காய் கிள்ளிக்கொண்டிருந்த ஒரு பாட்டி தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "செவ்வாக்கிழமை கூட்டிப் போனீங்களா தம்பி?"

செவ்வாய்க்கிழமை சலூனுக்கு லீவு ஆயிற்றே! அதற்காகத்தான். கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். ஷட்டரைப் பாதி ஏற்றி வைப்பார். டிவி இல்லை, ஆள் இல்லை. முதல் செவ்வாய் சும்மா நாற்காலியில் ஏறி இறங்கி, கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். அடுத்த செவ்வாய் துணியை மடியில் மட்டும் போட வேண்டும். அதுவும் நம் வீட்டுத் துண்டாக இருந்தால் நல்லது. மூன்றாவது வாரம் கத்தரிக்கோல் சத்தம் காற்றில் மட்டும். மெஷின் கூடவே கூடாது. கிளம்புவதற்கு முன் கடை, நாற்காலி, கத்தரி, வீடு என்று நாலு போட்டோவை வரிசையாகக் காட்டிவிட வேண்டும். என்ன நடக்கப் போகிறது, எப்போது முடியும் என்று தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும் என்றார் பாட்டி. அந்தப் படவரிசைக்கு நிபுணர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் எந்த நிபுணரின் புத்தகத்திலும் இருக்காது.

இதேபோல், அடமும் உடைந்து போவதும் வேறு வேறு என்பதும் பெஞ்சில் கற்றதுதான். அடம் பிடிக்கும் பிள்ளை ஓரக்கண்ணால் நம்மைப் பார்த்துக்கொண்டே அழும்; கேட்டது கிடைத்தால் நின்றுவிடும். மற்றது பால் பொங்குவது மாதிரி. சத்தமோ வெளிச்சமோ தாங்க முடியாமல் வழிந்துவிடுகிறது. நாம் பார்க்கிறோமா என்பதுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. பொங்கும் பாலைத் திட்டி யாராவது அடக்கியிருக்கிறோமா? அடுப்பை அணைக்க வேண்டும், அதாவது அந்த இடத்திலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். துடைப்பதும் பேசுவதும் பிறகு.

சொல்லும் முறையையும் கவனிக்க வேண்டும். பெஞ்சில் அனுபவசாலிகள் யாரும் 'நீங்கள் இப்படிச் செய்யுங்கள்' என்று தொடங்குவதில்லை. 'எங்க வீட்ல என்ன ஆச்சுன்னா' என்றுதான் தொடங்குவார்கள். வெறும் பணிவு என்று அதை நினைத்துவிட வேண்டாம். ஒரு பிள்ளைக்கு இறுகக் கட்டிக்கொண்டால் நிம்மதி, இன்னொன்றுக்குத் தொட்டாலே எரிச்சல். ஒருவர் வீட்டுச் சட்டை அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தாது. அளவைக் காட்டினால் போதும், தைப்பது அவரவர் பாடு.

தாள் விவகாரங்கள் தனி. பெரும்பாலும் அப்பாக்கள் வாய் திறப்பது இங்கேதான். பைக்கில் சாய்ந்தபடி, சான்றிதழ், அடையாள அட்டை, எந்த அலுவலகம், எந்த ஜெராக்ஸ் என்று. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததுமே சட்டத்தின் கண்ணில் அவன் பெரியவன். பெற்றோர் தாமாகவே அவனுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. தேவைப்பட்டால் சட்டப்படி காப்பாளராக நியமனம் பெற வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் அதற்கு மனுச் செய்யலாம். 1999-இல் வந்த தேசிய அறக்கட்டளைச் சட்டம் செய்த ஏற்பாடு இது. பதினேழு வயதுப் பிள்ளையின் தகப்பனார் ஒருவர் ஆறு வயதுப் பிள்ளையின் தகப்பனாருக்கு இதைச் சொன்னபோது, அவர் கைபேசியில் குறித்துக்கொண்டார்.

அந்தச் சட்டம் தானாக வரவில்லை. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன, ஆட்டிசம் இல்லை. டெல்லியில் மெர்ரி பருவா என்ற அம்மா 1991-இல் தொடங்கிய 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' போன்ற பெற்றோர் அமைப்புகள் விடாமல் தட்டியதால்தான் 1999 சட்டத்தில் அந்தச் சொல் ஏறியது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் அதுவும் ஒன்று. பருவாவின் அமைப்பில் இன்னொன்றும் செய்தார்கள். அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்தே மூன்று மாதம் வரவழைத்து, அம்மாவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். கூட இருந்த மற்ற அம்மாக்களிடம் கற்றதும் அதில் சேர்த்திதான். நம் பெஞ்சுக்கு ஒரு பாடத்திட்டம் போட்டால் அதுதான்.

இன்னும் பின்னால் போவோம். லியோ கானர் என்ற மருத்துவர் 1943-இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதுதான் ஆட்டிசம் இன்றைய பொருளில் மருத்துவத்துக்குள் வந்தது. அவரே 1949-இல், இந்தப் பிள்ளைகள் குளிர்பெட்டிக்குள் வைத்து வளர்க்கப்பட்டவர்கள் போல இருக்கிறார்கள் என்ற பொருளில் எழுதப்போக, அம்மாவின் பாசக் குறைவுதான் காரணம் என்ற பேச்சு அமெரிக்காவில் வேரூன்றிவிட்டது. சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் 1967-இல் அதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதினார். நம் ஊரில் 'போனைக் குடுத்தே கெடுத்துட்டீங்க' என்கிறார்களே, அதற்கு அண்ணன் முறை. போன் அதிகம் பார்ப்பது நல்லதல்ல என்பது வேறு. அதனால் ஆட்டிசம் வந்தது என்பது வேறு.

அந்தப் பழியைத் துடைக்கப் புறப்பட்டவர் ஒரு தகப்பனார். பெர்னார்ட் ரிம்லாண்ட், சான் டியாகோவில் கடற்படைக்கு வேலை பார்த்த உளவியலாளர். மகனுக்கு ஆட்டிசம். கிடைத்ததையெல்லாம் படித்து, தாய்மேல் பழி போட ஆதாரமே இல்லை, காரணம் உடலில்தான் என்று 1964-இல் புத்தகம் எழுதினார். கானரே அதற்கு முன்னுரை கொடுத்தார். புத்தகத்தின் கடைசியில் பெற்றோர் நிரப்பி அனுப்ப ஒரு வினாத்தாள் வைத்தார் ரிம்லாண்ட். கடிதங்கள் குவிந்தன. 1965 நவம்பரில் நியூ ஜெர்சி மாநிலத்தில் அந்தப் பெற்றோர் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். நாலு வருஷம் கழித்து அவர்கள் கூட்டத்துக்கு வந்த கானர், பெற்றோரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதாக மேடையில் சொன்னார். 1977-இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 21 ஜோடி இரட்டையரைப் பார்த்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் நாலு ஜோடிக்கு, இரண்டு பேருக்குமே ஆட்டிசம் இருந்தது. தனித்தனிக் கருவில் உருவான 10 ஜோடிகளில் அப்படி ஒன்றுகூட இல்லை. வளர்ப்பு காரணமென்றால் இந்த வித்தியாசம் வராது. பெற்றோர் வெறும் ஆறுதலோடு கலைந்து போயிருந்தால் பழி இன்னும் எத்தனை காலம் ஓடியிருக்குமோ!

ஆனால் பெஞ்சுக்கு ஒரு இருட்டுப் பக்கமும் உண்டு. அதே ரிம்லாண்ட் பிற்காலத்தில் தடுப்பூசியும் பாதரசமும்தான் காரணம் என்ற பேச்சுக்குத் துணை போனார். தடுப்பூசிப் பேச்சைப் பரப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. நல்ல தண்ணீர் வரும் குழாயில்தான் கெட்ட தண்ணீரும் வரும். இரண்டுமே 'எங்க வீட்ல' என்றுதான் தொடங்கும். எங்கள் பெஞ்சிலும் ஒருநாள் ஒருவர் ஸ்டெம் செல் ஊசி பற்றிய வழவழ நோட்டீஸைக் கொடுத்துவிட்டுப் போனார்; செலவு லட்சங்களில். ஆட்டிசத்துக்கு அது பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொல்லிவிட்டது. கொத்தவரங்காய்ப் பாட்டி அந்த நோட்டீஸில் காம்புகளைச் சுருட்டிப் போட்டார். அவர் வைத்திருக்கும் அளவுகோல் எளிது: செவ்வாய்க்கிழமை யோசனையில் யாருக்கும் காசு போகாது, தோற்றாலும் பிள்ளைக்குச் சேதமில்லை. 'குணமாகும்' என்ற சொல்லும் ஒரு பில்லும் சேர்ந்து வந்தால் எழுந்து நின்றுவிட வேண்டும்.

பெஞ்சில் சுற்றும் ஒரு புத்தகம் உண்டு, யெஸ். பாலபாரதியின் 'ஆட்டிசம்: சில புரிதல்கள்'. அட்டை போய்விட்டது, ஓரங்களில் பலர் பேனாவால் எழுதியிருக்கிறார்கள். இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க வேண்டும்.

டீ ஆறிவிட்டது போல. சலூன் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நாலாவது செவ்வாய், பாதி ஷட்டர், எங்கள் துண்டு, போட்டோ வரிசை. மருமகன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். வலது பக்கம் முழுதும் வெட்டி முடிக்கும்வரை அசையவில்லை. இடது பக்கம் கத்தரி போனதும் இறங்கிவிட்டான். போதும் என்பதுபோல் செருப்பை மாட்டிக்கொண்டான். பிடித்து உட்கார வைக்கவில்லை. பாதித் தலையோடு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். தெருவில் பார்த்தவர்களுக்கு விளக்கம் சொல்லி மாளவில்லை.

மறுநாள் தெரபிக்குப் போனோம். பாட்டி அவனை ஒரு சுற்றுப் பார்த்தார். "வலது பக்கம் முதல்ல குடுத்தானா? எங்க பேரன் இடது," என்றவர், நான் உட்காரத் தள்ளி இடம் விட்டார்.